எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை

இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே மருத்துவர் நம்மிடம் யோசனை கேட்கிறார். குளிர் பழகிவிட்டது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுவதும், பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வதும் பழகிவிட்டன. ஆனால் அன்றைக்கு மூட்டுநோய் மருத்துவர் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, பன்னிரண்டு பக்கத் தாளைக் கையில் கொடுத்து, "இந்த மருந்தால் வரும் நன்மை இது, ஆபத்து இது. நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள், ஜெயா?" என்று கேட்டபோது எனக்கு அவர் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. கோவில்பட்டியில் ஒரு டாக்டர் இப்படிக் கேட்டால் மறுநாள் அவர் வாசலில் செருப்பு கிடக்காது. "அவருக்கே தெரியல, நம்மட்ட கேக்காரு" என்று சொல்லிவிட்டுச் சனம் அடுத்த டாக்டரைப் பார்க்கப் போய்விடும்.

இத்தனைக்கும் நான் நர்ஸ். வார்டில் வெள்ளைக்காரப் பாட்டிமாரிடம் தினமும் இதே கேள்வியை நானே கேட்கிறேன். "உங்கள் விருப்பம்தான் முக்கியம்" என்று வாய் நிறையச் சொல்கிறேன். என்னிடம் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தது. ஊருக்கு உபதேசம் சொல்வது எப்போதும் சுலபம்.

என் கையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பசுவந்தனைக்குப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பருத்தியும் மிளகாயும் பறித்து வளர்ந்த கை இது. நர்ஸிங் படித்து, இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் இந்த நாடு நர்ஸுகளை அழைத்தபோது நானும் விமானம் ஏறினேன். வந்த ஆறே மாதத்தில், எந்த நோயாளிக்கு நரம்பு கிடைக்காவிட்டாலும் "ஜெயாவைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லும் அளவுக்கு வார்டில் பெயர் வாங்கினேன். மூன்று பேர் குத்திப் பார்த்துத் தோற்ற கையில் நான் ஒரே குத்தில் ஊசியை இறக்குவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

அந்தக் கையைத்தான் நோய் பிடித்தது. ஒரு நாள் காலையில் பால் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. குளிர் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் இரண்டு கை விரல்களும் கணுக்கணுவாய் வீங்கிவிட்டன. சட்டைப் பித்தானைப் போடக் காலையில் கால் மணி நேரம் பிடித்தது. முடக்குவாதம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இது ஒரு வகை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, புத்தி பிசகி, சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் மாத்திரைகளைத் தந்தார்கள். இரண்டு வருஷம் சாப்பிட்டும் நோய் அசைந்து கொடுக்கவில்லை. வார்டிலிருந்து என்னை எடுத்துக் கோப்புகள் அடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. விரல்கள் கோணிக்கொண்டால் பிறகு எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் பயாலஜிக் என்ற புது வகை மருந்தைப் பற்றி மருத்துவர் பேசினார். உயிருள்ள செல்களிலிருந்து தயாரிப்பது. மூட்டை வீங்கவைக்கும் ஒரு பொருளை மட்டும் குறிபார்த்துத் தடுப்பது. பலருக்குக் கை திரும்பக் கிடைத்திருக்கிறது என்றார். ஆபத்தையும் ஒளிக்கவில்லை. தொற்றுநோய்கள் எளிதில் பிடிக்கும். முக்கியமாக, எப்போதோ உடம்புக்குள் புகுந்து, நோயாக மாறாமல் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி இந்த மருந்தால் விழித்துக்கொள்ளலாம். விழித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

"உங்கள் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சாப்பிடும் மாத்திரையால் காசநோய்க்கான தோல் பரிசோதனையை முழுதாக நம்ப முடியாது. நீங்கள் இந்தியாவில் பிறந்தவர் வேறு. சில மாதம் காசநோய்த் தடுப்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பிறகு இதைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் "இந்தியாவில் பிறந்தவர்" என்ற சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. இந்தியா என்றால் காசநோய் என்று முடிவுகட்டிவிட்டார் என்று எனக்குச் சுருக்கென்றது. விமானம் இறங்கிய அன்றே எங்களை வரிசையில் நிற்கவைத்து நெஞ்சைப் படம் எடுத்தது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மூன்று தலைமுறையாகக் கிடையாது" என்றேன். மூன்று தலைமுறையை எண்ணிப் பார்த்தவள் மாதிரி சொன்னேன். தடுப்பு மாத்திரை ஈரலைக் கெடுக்கும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையும் ஈரலைத்தான் பதம் பார்க்கும், மேலும் சில மாதம் காத்திருந்தால் என் விரல்கள் காத்திருக்காது என்று காரணங்களையும் அடுக்கினேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அடியில் கிடந்தது வீம்பு.  "நீங்கள் நர்ஸ். உங்கள் குடும்பம் உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி மருத்துவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றுவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவுக்குப் போன் செய்வேன். அப்பா இறந்த பிறகு அம்மாவும் தங்கை கிரேஸும் கோவில்பட்டிக்கே குடிவந்துவிட்டார்கள். வீட்டில் போன் இல்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் அம்மா வந்து காத்திருப்பாள். அவளுக்குக் காது மந்தம். அதனால் அவளும் கத்துவாள், நானும் கத்துவேன். எங்கள் குடும்ப விவகாரம் எதுவும் பூத் அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அந்தச் சமயத்தில் கிரேஸுக்குக் கயத்தாற்றில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அண்ணாச்சியின் மைத்துனன் மகன். அண்ணாச்சிதான் முன்னின்று பேசினார். பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உற்சாகமாக இருந்தேன். புது மருந்தைப் பற்றி அம்மாவுக்குப் புரியும்படி சொன்னேன். "வீட்டு நாயி வீட்டாளையே கடிக்கு. இந்த மருந்து அதைக் கட்டிப் போட்டுரும். அவ்வளவுதான்."

"கட்டிப் போட்டா திருடன் வந்தா யாருட்டி குரைப்பா?"

"அதான் ஆபத்து. ஏற்கெனவே உள்ள ஒளிஞ்சிருக்க திருடன்தான் பெரிய ஆபத்து. டி.பி. கிருமி மாதிரி. நமக்கு அதெல்லாம் ஏதும்மா? டாக்டர்ட்ட சொல்லிட்டேன், எங்க வீட்ல யாருக்கும் இல்லன்னு."

 அம்மா, "என்னைக்குப் போடுதாவ?" என்றாள். செவ்வாய் காலை என்றேன். "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள். கயத்தாற்று விஷயத்தைப் பற்றி அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது. அம்மா ஒருநாளும் எனக்குப் போன் போட்டதில்லை. அதை எப்படிச் சுழற்றுவது என்றே அவளுக்குத் தெரியாது. அண்ணாச்சியிடம் என் எண் எழுதிய காகிதத்தைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள்.

"ஏட்டி ஜெயா, போட்டுட்டாவளா?"

"இல்லம்மா, பத்து மணிக்குத்தான். என்னாச்சு?"

"போடாத. கேட்டியா? போடாத. எனக்கு டி.பி. இருந்துச்சுட்டி."

அவள் வழக்கம்போலக் கத்தினாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கடை வாசலில் ஆட்கள் நிற்கும் நேரம். நான் பதறிப்போய், "அம்மா, மெதுவா பேசு. பூத்துல யார் இருக்கா?" என்றேன்.

"எல்லாரும் இருக்காவ. அண்ணாச்சி இங்கன பக்கத்துலதான் இருக்காரு. இருக்கட்டும். நீ ஆறு வயசா இருக்கையில எனக்கு இருமலு. ரத்தமா வந்துச்சு. தெரியாம உன்னைய எம் பக்கத்துலயே படுக்க வச்சிருந்தேன். மூணு மாசம். அதுக்குப் பொறவுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"தூத்துக்குடி பெரியம்மாவுக்குத்தான சொகமில்ல, நீ பாத்துக்கத்தான போன?"

"பெரியம்மாவுக்கு என்ன, அவ கல்லு மாதிரி இருந்தா. நான்தான் கெடந்தேன். தெனம் ஒரு ஊசி. அந்த ஊசிலதான் காது போச்சு. காது போனது டைபாய்டுலன்னு உங்கப்பா ஊர்ல சொல்லிட்டாரு."

நர்ஸிங் படித்தவள் நான். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காதைக் கெடுக்கும், நடையின் சமநிலையைக் கெடுக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடப்பாள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வெகுநாள் தனித் தட்டில் சாப்பிட்டாள், என்னைத் தள்ளிப் படுக்கவைத்தாள். ஏதோ வேண்டுதல், நேர்ச்சை என்று நினைத்திருந்தேன். அத்தனையும் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நம் அம்மாவை நாம் நோயாளியாகப் பார்ப்பதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஒரு வருஷத்தையே மறைத்துவிட்டார்கள்.

ஏன் மறைத்தார்கள் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். டி.பி. வந்த வீடு என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அந்த வாசலில் எவன் பெண் கேட்டு வருவான்? நோய் குணமாகும், பெயர் குணமாகாது. இங்கே ஒரு வெள்ளைக்காரத் தோழியிடம் இதைச் சொன்னபோது, "குணமான நோயை ஏன் மறைக்க வேண்டும்? கொண்டாட அல்லவா வேண்டும்?" என்று கேட்டாள். புற்றுநோயிலிருந்து மீண்டதற்குக் கேக் வெட்டுகிற ஊர் இது. நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

"அம்மா, அண்ணாச்சி கேட்டுட்டாருலா. கிரேஸு விஷயம் என்னாவும்? வேற பூத்துக்குப் போயிருக்கக் கூடாதா?" என்றேன்.

"ரெண்டு நாளா அதத்தாம்ட்டி யோசிச்சேன். கிரேஸ்ட்ட சொல்லி அழுதேன். வேற பூத்துல உன் நம்பரைப் போட்டுக்குடுக்க எவனைத் தேட? மணியாவுது, நீ போய் அந்த மருந்த ஏத்திக்கிடுவன்னு பயந்து வந்தேன். கிரேஸுக்கு மாப்ள இன்னொருத்தன் வருவான். நீ ஒருத்திதான இருக்க."

அன்று போனை வைத்துவிட்டு அழுதேன். துக்கமா கோபமா என்று கேட்டால், இரண்டும் இல்லை. என் தாயை நினைத்துப் பெருமையில் வந்த அழுகை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொண்டைக்குள் பூட்டி வைத்ததை, எந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாளோ அந்த வீட்டு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நடுத்தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள் அவள். பன்னிரண்டு பக்கத் தாளைப் படித்தும் எனக்குத் தெரியாத ஆபத்தை, நான் சொன்ன நாய்க்கதையிலிருந்தே கண்டுபிடித்தாள்.

மருத்துவமனைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பொய் சொன்னதற்குத் திட்டுவார்கள் என்று பயந்திருந்தேன். யாரும் திட்டவில்லை. மறுபடி நெஞ்சைப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை, ஆனால் கிருமி தூங்கிக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்றார் மருத்துவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது உங்கள் அம்மாவின் சொந்த விஷயம். உங்கள் கோப்பில் எழுதினால் அவர் வருத்தப்படுவாரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் இந்நேரம் காய்கறிக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் எதற்காகத் தயங்கினார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கும் புரிந்தது. ஊருக்கே தெரிந்தாலும் அது அம்மாவின் சொந்த விஷயம்தான்.

இப்போது கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. ஒரு தட்டில் என் விரல்கள். இன்னொரு தட்டில் ஈரல், நெஞ்சு, உயிர். பயந்து மருந்தே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அம்மாவிடம் அடுத்த ஞாயிறு கேட்டேன், "அந்த ஊசி காதக் கெடுக்கும்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"பாதி ஊசிலயே காதுல ரீங்குன்னு சத்தம் வந்துச்சு. நர்ஸம்மாட்ட சொன்னேன். நிப்பாட்டுனா நோய் திரும்பும், நிப்பாட்டாட்டா காது போவும்னாவ. காதில்லாமலும் புள்ள வளக்கலாம்லா? போடுங்கன்னுட்டேன்."

ஆக, நோயாளியிடம் யோசனை கேட்கும் நர்ஸ் நம் பக்கத்திலும் ஒருத்தி இருந்திருக்கிறாள். அம்மாவும் தானே தீர்மானித்துப் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் மகள் நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கினால் நன்றாகவா இருக்கும்? முதலில் தடுப்பு மாத்திரை, அது முடிந்த பிறகு பயாலஜிக் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் முதலிலேயே சொன்னதும் அதுதான் என்பதைப் பெருந்தன்மையாக நினைவுபடுத்தாமல் விட்டார்.

அந்த மாதங்கள் கொடுமை. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரலுக்காக இரத்தம் எடுத்தார்கள். விரல்கள் வீங்கித் தெறித்தன. வலியைவிடக் கிரேஸின் கோபம் பெரிதாக இருந்தது. கயத்தாற்றுக்காரர்கள் ஒன்றும் சொல்லாமலே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் அம்மாவைப் பார்த்தால் எழுந்து நின்றாராம், பேசவில்லையாம். கிரேஸ் ஒருமுறை போனை வாங்கி, "உனக்குக் கை வேணும். எனக்கு ஒண்ணும் வேண்டாமாக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. 

ஆனால் அவளும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே. மறு வருஷம் எட்டயபுரத்திலிருந்து ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாளாம், "எங்கம்மாவுக்கு முன்ன டி.பி. இருந்து நல்லாயிட்டு. பொறவு யாராவது சொல்லி நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்லுதேன்." அதற்கு முன் இப்படிச் சொல்லி இரண்டு வீட்டாரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். எட்டயபுரத்து மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்து, "எங்க வீட்டுலயும் எம் மாமனாருக்கு இருந்துச்சு, யாரும் வெளிய சொல்லுததில்ல" என்றாராம். கல்யாணம் அந்தத் தை மாதமே நடந்தது. கிரேஸ் என்னோடு பேசவும் தொடங்கினாள்.

பயாலஜிக் எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் இப்படிக் கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்ட ஒரு அம்மாவுக்குக் கடும் சளிக்காய்ச்சல் வந்து நிறுத்தும்படி ஆயிற்று. எனக்கு மூன்றாவது முறை ஏற்றிய பிறகு ஒரு காலையில் பித்தானைப் போட்டுவிட்டுத்தான், போட்டுவிட்டேன் என்பதையே கவனித்தேன். வார்டுக்குத் திரும்பினேன். "ஜெயாவைக் கூப்பிடுங்கள்" என்ற குரலை மறுபடி கேட்டேன். புலம்பெயர்ந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெள்ளைக்கார மருத்துவர் உங்கள் குடும்ப நோயைக் கேட்டால் ரோஷப்படாதீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ஊரில் இருப்பவர்களே, பிள்ளைகள் கேட்டால் சொல்லிவிடுங்கள்.

கை சரியான பிறகு முதன்முறையாக ஊருக்குப் போனேன். அம்மாவின் கையை என் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று விமானப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். கோவில்பட்டி வீடு வரிசையாக மூன்று அறை கொண்டது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நான் செருப்பைக் கழற்றும்போதே பின்வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அங்கனயே நில்லு! உள்ள வராத."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நாலு நாளாய் இருமலாம். சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாளாம், முடிவு வர மூன்று நாள் ஆகுமாம். அதுவரை எனக்கு எதிர்வீட்டில் படுக்கை போட்டு வைத்திருந்தாள். கட்டிப் போட்ட நாய்க்கதை அவளுக்கு மறக்கவில்லை.

"அம்மா, இது சாதாரணச் சளி. நான் நர்ஸு சொல்லுதேன்."

"நீ சொன்னா ஆச்சா? ஒருக்கா தெரியாம உன்னைய பக்கத்துல போட்டுட்டேன். இனிமே மாட்டேன்."

 நான் வாசற்படியில் உட்கார்ந்தேன், அவள் பின்வாசற்படியில் உட்கார்ந்தாள். நடுவில் மூன்று அறை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவளுக்கு அந்த மூன்று அறையைத் தாண்ட முடியவில்லை. விமானப் பயணம், சாப்பாடு, கிரேஸின் மாமியார் எல்லாவற்றையும் கத்தியே பேசினோம். தெருப் பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "கைய மடக்கு, பாப்போம்" என்றாள்.

இரண்டு கைகளையும் மேலே தூக்கி மடக்கினேன். விரல்கள் உள்ளங்கைக்குள் முழுதாய் இறங்கின. அம்மா எழுந்து ஒரு எட்டு முன்னால் வைத்தாள். பிறகு தானே நின்று, வைத்த எட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா" என்று கத்தினாள்.

விரித்து மறுபடி மடக்கினேன். முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் கையை இறக்கவில்லை.